கிரியா தோராவின் பதில்

யூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். அறைக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது அவருடைய உதட்டுச் சாயம். வலப்பக்க முகம் விழுந்துபோயிருக்கிறது, வலக்கையும் வராது. ஆனால் சாயம் இம்மியும் கோணவில்லை. இடக்கையால் பூசியிருக்கிறார்.

கிரியா தோரா. கிரியா என்றால் கிரேக்கத்தில் திருமதி. சிட்னியில் இருக்கும் அவருடைய மகள் மரீனா அன்ரி எனக்குச் சொல்லித் தந்த ஒரே சொல். கிரியா ஏதென்ஸில் பெரிய நடிகை. மேடையில் ராணி வேடங்கள், பிறகு நிறையப் படங்கள். கலியாணம் கட்டி மெல்பேர்ன் வந்து, ஓக்லியில் கேக் கடையில் நின்றாராம். பாரிசவாதம் வந்தபின் பேச்சு இல்லை.

அவரைப் பார்த்துக்கொள்வது அம்மாவின் வேலை. அம்மாவுக்கு நாரிப்பிடிப்பு, குனிய ஏலாது, அதனால் நான். புறப்படும்போது அம்மா சொன்னது:

"வாயைத் திறந்து கதை பிள்ளை. கோயில் சுருவம் மாதிரி நிண்டுட்டு வராதை."

கதைக்காதவரோடு இருப்பது எனக்குச் சுகம். வகுப்பில் எழுந்து வாசிக்கப் பயந்து பள்ளிக்கூடம் விட்டவள்தானே.

எதைக் கேட்டாலும் தாடையை மேலே தூக்கிப் புருவத்தை உயர்த்துவார். ஓம், சரி என்று. சூப்? ஓம். யன்னல் சாத்தவா? ஓம். நல்ல மனுசி.

யூலை 10, வியாழன்
காற்று. தலைமயிர் வெட்டவா என்று கேட்டேன். ஓம். கட்டையாக வெட்டினேன். பிறகு பார்த்தால் கண் கலங்கியிருந்தது. மயிர் விழுந்திருக்கும்.

பின்னேரம் மரீனா அன்ரியின் போன். முதியோரைப் பராமரிக்கும் நேர்சிங் ஹோமில் இடம் கிடைத்திருக்கிறது. "மம்மாவுக்குச் சம்மதமா என்று நீ கேளேன், ப்ளீஸ். முகத்தைப் பார்த்துக் கேட்க என்னால் முடியாது."

கேட்டேன். தாடை மேலே போனது. இரண்டு தரம்.

"ஓமாம்" என்றேன். அந்தப் பக்கம் அன்ரி அழுதார். திங்கள் வாகனம் வரும்.

கிரியா இரவுச் சாப்பாட்டைத் தட்டிவிட்டார். தரையெல்லாம் சோறு.

யூலை 13, ஞாயிறு
பூசை முடிந்து டண்டினொங் ஸ்டேஷனில் பஸ்ஸுக்கு நின்றபோது போனில் கிரியா நடித்த பழைய படம் ஒன்று பார்த்தேன். கறுப்பு வெள்ளை. என்ன வடிவு! ஒரு பணக்காரன் மோதிரத்தை நீட்டி, என்னைக் கட்டுவாயா என்கிறான். அவர் பேசவில்லை. தாடையை மேலே தூக்கிப் புருவத்தை உயர்த்துகிறார். கீழே ஆங்கிலத்தில் எழுத்து: நோ.

மூன்று முறை திருப்பிப் பார்த்தேன்.

சூப். யன்னல். தலைமயிர். ஹோம்.

பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். "ஐயோ! இனி வாயே திறக்காதை. வேலை போயிடும்."

"அண்டைக்குக் கதை எண்டியள்."

"இண்டைக்குப் பேசாமல் இரு எண்டுறன்."

மரீனா அன்ரிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். வாசித்துவிட்டதாகக் காட்டுகிறது. பதில் இல்லை.

யூலை 14, திங்கள்
கடும் குளிர். கிரியாவின் பெட்டி வாசலில். மரீனா அன்ரி நேரே ஹோமுக்கு வருவதாகக் குறுஞ்செய்தி. நான் அனுப்பியதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பத்து மணிக்கு வாகனம். சாரதி உயரமானவன், சிரித்த முகம். குனிந்து, "ரெடியா, டார்லிங்?"

தாடை மேலே போனது.

"குட் கேர்ள்" என்று சக்கரக் கதிரையின் பிரேக்கை எடுத்தான்.

கதவை அடைத்துக்கொண்டு நின்றேன்.

"ஷீ செட் நோ."

அவனுக்குக் கேட்கவில்லை. இன்னும் உரத்துச் சொன்னேன்.