ஒதுங்காத வண்டி

நவம்பர் 18, செவ்வாய்

மூடுபனி. மூன்று நாளாகத் துணி காயவில்லை. கேஸ் சிலிண்டருக்குப் பதியணும்.

மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கணும் என்று வகுப்பில் ஒருமுறை சொன்னேன். லாரி டிரைவர் மகள் ஒருத்தி கேட்டாள்: "ஒதுங்கலைன்னா, டீச்சர்?" "ஒதுங்கும்மா" என்றேன். அவள் நம்பவில்லை.

இன்று அந்த ஞாபகம் வரக் காரணம், மேல்மலை நர்ஸ் முத்துமாரியின் போன். "டீச்சர், நீங்க பாடம் அனுப்ப ஆரம்பிச்சா வீடியோல எங்க டாக்டர் மூஞ்சி அப்படியே நின்னுபோகுதுங்க. போன வாரம் வாயத் தொறந்தவர் இன்னும் மூடல." சிரித்தாள். பிறகு சிரிக்காமல்: "செல்விக்கு ஏழு மாசம். கால் வீங்கிக் கெடக்கு. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு டாக்டர் பாத்தே ஆகணும்."

மூன்று மணிக்குத்தான் நான் இங்கிருந்து வீடியோவில் அனுப்பும் பாடமும். அந்த ஊருக்கே ஒரு மெல்லிய இன்டர்நெட் லைன்; பள்ளிக்கூடமும் சுகாதார நிலையமும் அதில்தான். நெரிசல் வந்தால், பாடத்தை அனுப்பும் எங்கள் கம்ப்யூட்டர் நிரல் தானே வேகத்தைக் குறைக்கணும். அந்தக் கணக்கு நான் போட்டது. மூன்று வாரமாகத் தப்பைத் தேடுகிறேன். தனியாக ஓட்டிப் பார்த்தால் சரியாகவே இருக்கிறது.

என்னோடு சேர்ந்து இந்த நிரலை எழுதும் சாமிநாதன் சார் டீ போட்டுக் கொடுத்தார். "நல்லாப் போறதை ஏன் நோண்டுறீங்க டீச்சர்?"

நவம்பர் 19, புதன்

தூறல். முட்டி வலி.

கண்டுபிடித்தேன். சூத்திரத்தில் தப்பில்லை. அதற்குள் போகிற எண்ணில்தான் தப்பு.

ஒரு தகவல் பொட்டலம் லைனில் போய், பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் என்று நிரல் அளக்கும். நேரம் கூடினால் நெரிசல்; வேகம் குறையும். ஆனால் இப்போது அளந்த நேரத்தை எடுக்காமல், என்றைக்கோ லைன் காலியாக இருந்தபோது கிடைத்த மிகக் குறைந்த நேரத்தையே எடுக்கிறது. சீசன் கூட்டத்தில் வத்தலக்குண்டிலிருந்து மலை ஏற ஐந்து மணி நேரம். காலி ரோட்டில் இரண்டு. எப்போதும் இரண்டு என்றே கணக்குப் போட்டால் வேகம் குறையவே குறையாது. மற்றவர்கள்தான் ஓரத்தில் நிற்கணும்.

அந்த வரியை மாற்றியது யார் என்று பார்த்தேன். சாமிநாதன் சார். மாற்றி இரண்டு மாதம்.

இருபது வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூம். அவர் இயற்பியல், நான் கணக்கு. அவர் எழுதியதை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. மதியம் சாப்பிடவில்லை.

நவம்பர் 20, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

போய்க் கேட்டேன். மறுக்கவில்லை.

"நம்ம பிள்ளைங்களுக்காகத்தான் டீச்சர். படம் நின்னு நின்னு வந்துச்சு. அரை மணி நேரம் மத்தவங்க பொறுத்துக்கிட்டா என்ன?"

"மூணு வாரமா நான் தேடுறப்ப பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"இருந்தேன்."

"என் கணக்குலதான் தப்புன்னு அழுதேன், சார்."

"அதான் டீ போட்டுக் கொடுத்தேன்ல."

விளையாட்டாகச் சொன்னாரா, தெரியவில்லை. குடையை அங்கேயே விட்டுவிட்டேன். திரும்ப வாங்கப் போவதில்லை.

வரியைத் திருத்தினேன். இரண்டு மாதமாகப் பாடம் தங்குதடையில்லாமல் போகிறது என்று எல்லோரிடமும் பெருமை பேசியது நான்தான். அதுவும் உறுத்துகிறது.

நவம்பர் 21, வெள்ளி

மறுபடி மூடுபனி. பால், பூண்டு, முட்டிக்குத் தைலம் வாங்கணும்.

3 மணி. பாடம் மங்கலாகப் போனது. ஒரு பையன்: "டீச்சர், உங்க மூஞ்சி கட்டம் கட்டமா வருது." "கணக்கு டீச்சர்ல, அப்படித்தான் வரும்" என்றேன்.

3.40. முத்துமாரி: "செல்வி காலை டாக்டர் நல்லாப் பாத்துட்டாருங்க. பிரஷர் ரொம்பக் கூட. வெரசா கீழ கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டார். ஜீப் வந்துருச்சு."

போன வாரமே பார்த்திருக்கலாம்.

சார் இரண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

இனி இந்த நிரலைத் தொடுகிறவர்களுக்கு அதன் தலைப்பிலேயே எழுதி வைத்தேன்: ஒரே லைனில் இரண்டு பேரை ஒரே நேரத்தில் அனுப்பச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்து இருவர் வேகத்தையும் அருகருகே எழுதிப் பாருங்கள். ஒருவர் மட்டும் ஓடி மற்றவர் நின்றால், வண்டி ஒதுங்கவில்லை.