முகத்தில் விழும் நிறம்

மார்ச் 4, செவ்வாய்

கடுகு மஞ்சள் துணி இன்றும் ஒரு மீட்டர்கூடப் போகவில்லை. மொத்த வியாபாரி என் தலையில் கட்டும்போதே தெரியும், இந்த நிறம் அலமாரியில் படுத்துத் தூங்கும் என்று. மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துப் போட்டேன். பேராசை என்னுடையது, வேறு யாரைச் சொல்ல?

மாநிறத்துக்கு ஒத்து வராது. வெளுத்த முகத்துக்கு அறவே வராது. நல்ல கறுப்பில், மினுமினுப்பான முகமாக இருந்தால்தான் எடுப்பாக இருக்கும். அப்படிப்பட்டவர்கள் வந்தால் வெள்ளையைக் காட்டு என்கிறார்கள்.

கத்தரி சொன்னாள்: “இதை ஜன்னலுக்குத் திரையா மாட்டிடலாம்க்கா. திருடன்கூட உள்ள வரமாட்டான்.” கடையில் துணி வெட்டுகிறவள். கையும் வாயும் ஒரே மாதிரி வெட்டும் என்பதால் அந்தப் பேர்.

வெளிர் நீலம் மட்டும் பறக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

தங்கை வந்திருந்தாள். காமாலையில் படுத்து எழுந்த பிறகு துணையில்லாமல் வெளியே வந்தது இன்றுதான். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிறாளாம். சின்ன வகுப்பு டீச்சர்.

“பழைய சட்டையெல்லாம் தொளதொளன்னு தொங்குதுக்கா. புதுசா ரெண்டு தைக்கணும். எந்த நிறம்னு நீயே சொல்லிடு. உன் கண்ணு தப்பாது.”

சொல்லிக்கொண்டே அவள் கை நீலத்தின்மேல் போனது. சரியான துணியைத்தான் தொட்டாள். இளைத்து, வெளிறி, கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து கிடக்கும் முகத்தை அந்த நீலம் கழுவி வைத்த மாதிரி காட்டியிருக்கும். ஆனால் இருந்த நீலத்தை ஒரு ஹோட்டல்காரர் தன் வரவேற்புப் பெண்களுக்கென்று சொல்லி வைத்திருந்தார். அவரிடம் இரண்டு நாள் பொறுங்கள் என்றிருக்கலாம். அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

“நீலம் உன்னை இன்னும் சோர்வாக் காட்டும்டி. மனசு தளர்ந்த நேரத்துல மஞ்சள்தான் தெம்பு. இதைப் பாரு.”

வாடிக்கையாளரிடம் சொல்லும் அதே வசனம். அதே குரல். கத்தரி கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

காசு வேண்டாம் என்றேன். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. போகாத சரக்கை இனாமாகக் கொடுத்து நல்ல பேரும் வாங்கிக்கொண்டேன். கெட்டிக்காரி.

மார்ச் 8, சனி

பக்கத்துத் தையல்காரர் இரண்டையும் தைத்துக் கொடுத்துவிட்டார். அளவு கச்சிதம். தங்கை போட்டுக் காட்டினாள். நான் தோள்பட்டையை மட்டும் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

சாயங்காலம் போன் செய்தாள். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்களாம். ஒரு வாண்டு மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, “மிஸ், உங்க கண்ணு ஏன் மஞ்சளா இருக்கு?” என்றதாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பில் ஈரமே இல்லை.

“குழந்தைங்க எதையாவது உளறும்டி” என்றேன்.

உளறவில்லை. துணிக்கடையில் நிற்கும் எவளுக்கும் தெரிந்த விஷயம் இது. கழுத்தருகே இருக்கும் துணியின் நிறம் முகத்தில் விழும். சிவப்பு விழுந்தால் களை, சாம்பல் விழுந்தால் களைப்பு. கடுகு மஞ்சள் விழுந்தால், அதுவும் நோயில் வெளுத்த தோலில் விழுந்தால், என்ன தெரியும்? காமாலை தெரியும்.

காமாலையிலிருந்து எழுந்தவளுக்கு அதைத்தான் கட்டி அனுப்பியிருக்கிறேன். தெம்புக்கு!

மார்ச் 13, வியாழன்

தங்கை வீட்டுக்காரர் பேசினார். பேருந்து ஓட்டுகிறவர், நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். இன்று கொட்டித் தீர்த்துவிட்டார்.

“கண்ணாடி முன்னாடியே நிக்கிறாக்கா. கீழ் இமையை இழுத்து இழுத்துப் பாக்குறா. சாப்பாட்டுல ஒரு சொட்டு எண்ணெய் கூடாதுங்கிறா. ஸ்கூல்ல தலைமை டீச்சரும், இன்னும் கொஞ்சம் லீவு எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்களாம். நீங்க வந்து பேசுங்க. நீங்க சொன்னா கேப்பா.”

நான் சொன்னால் கேட்பாள். வினையே அதுதான்.

போனேன். சொல்ல வாயெடுத்தேன், பிறகு ஒரு யோசனை. ஒருவேளை நிஜமாகவே நோய் திரும்பியிருந்தால்? துணிமேல் பழியைப் போட்டு நோயைக் கோட்டை விட்டால்? முதலில் டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். நியாயமான பேச்சுதான். எனக்கு வசதியான நியாயம்.

மார்ச் 15, சனி

ஆஸ்பத்திரிக்கு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள். “பயமா இருந்துச்சுக்கா. நீ தெம்பா இருக்கும்னு சொன்னியேன்னு போட்டுக்கிட்டேன்.”

ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் அவளை இரண்டு தடவை பார்த்தாள். தங்கை அதைக் கவனித்தாள். அவள் கவனித்ததை நான் கவனித்தேன்.

அவள் கை என் கைக்குள் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என்ன ஜென்மம் நான்?

மார்ச் 17, திங்கள்

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது. அவள் வீட்டுக்காரர் பேருந்தை ஓரமாக நிறுத்திவிட்டே போன் செய்தார்.

அப்பாடா என்று ஓடினேன். அவள் காகிதத்தை நாற்காலியில் போட்டுவிட்டு அந்த மஞ்சள் சட்டையோடு மறுபடியும் கண்ணாடிக்குப் போய்விட்டாள்.

“மெஷின் தப்புப் பண்ணும்க்கா. கண்ணாடி பண்ணாது. பாரு, நீயே பாரு.”

இந்த வெள்ளிக்கிழமை ராஜினாமா கொடுக்கப்போகிறாளாம். பிள்ளைகள் முன்னால் சாகிற முகத்தோடு நிற்க முடியாதாம். பிறகு என் பக்கம் திரும்பி, “எனக்கு ஏதாவது ஆயிட்டா இவரைக் கொஞ்சம் பாத்துக்கோக்கா. தனக்கு ஒரு சட்டை எடுக்கத் தெரியாது, பாவம்” என்றாள்.

சிரிப்பதா அழுவதா? அவளுக்கு அந்த வேலை எப்படி என்று எனக்குத் தெரியும். காய்ச்சலில் பிதற்றும்போதுகூட வருகைப் பதிவு எடுத்தவள்.

ஏன் சொல்ல மாட்டேன் என்கிறேன்? இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போன நாளிலிருந்து பேசிப் பேசித்தான் மேலே வந்தேன். பேச்சை நம்பி வாங்கியவர்கள் உண்டு, நம்பாமல் பேரம் பேசி வாங்கியவர்கள் உண்டு. மறுபேச்சில்லாமல் நம்பியது இவள் ஒருத்திதான். சொன்னால் அது போய்விடும். சொல்லாவிட்டால் அவள் வேலை போய்விடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தும் யோசிக்கிறேனே!

மார்ச் 18, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. கடையில் ஒரு அம்மா கடுகு மஞ்சளை எடுத்துப் பிரித்தார். “வேண்டாம்மா, உங்களுக்கு நல்லா இருக்காது” என்றேன். கத்தரி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “காய்ச்சலாக்கா?”

மார்ச் 20, வியாழன்

சொல்லிவிட்டேன்.

கடை திறப்பதற்கு முன்னால் அவளை வரவழைத்தேன். கடைக்குள் இருக்கும் மஞ்சள் விளக்குகள் யாரையும் அழகாகக் காட்டத்தான் போட்டவை, அவற்றை நம்பக்கூடாது. கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றி வாசலுக்குக் கொண்டுபோய், வெயில் விழும் இடத்தில் அவளை உட்காரவைத்தேன். அதே சட்டையில்தான் இருந்தாள்.

“பாரு” என்றேன். மஞ்சள் முகம்.

வெள்ளைத் துணியைத் தாடைவரை போர்த்திச் சட்டையை மறைத்தேன். “இப்போ பாரு.” பிறகு புதிதாக வந்திருந்த நீலத்தை. மறுபடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மறுபடி வெள்ளை.

இமையை இழுத்துப் பார்த்தாள். வெள்ளை விழி. மெதுவாகத்தான் புரிந்தது. முகம் முதலில் விரிந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி சின்னப் பிள்ளை மாதிரி ஆனாள். அப்புறம் சுருங்கியது.

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

“கொடுக்கும்போதே தெரியும்.”

“அப்புறம் ஏன்க்கா?”

“அந்த மஞ்சள் விக்கல. தேங்கிக் கிடந்துச்சு. நீலத்தை ஒருத்தருக்குச் சொல்லி வச்சிருந்தேன்.”

“ஆஸ்பத்திரிக்கு வந்தியே. பக்கத்துலயே உக்காந்திருந்தியே!”

“இருந்தேன்.”

“நான் செத்துடுவேன்னு நெனச்சேன். அவர்கிட்ட என்னென்னவோ பேசிட்டேன். தேங்கின சரக்கைக் கொட்டுற இடமா நான் உனக்கு?”

நீலத்தை மடித்து நீட்டினேன். அதைவிட மட்டமான காரியம் வேறு இருக்க முடியாது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. எழுந்து தெருவில் இறங்கி நடந்தாள். கடைசி வளைவு வரைக்கும் அந்தக் கடுகு மஞ்சள் தெரிந்துகொண்டே இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

“என்னக்கா மந்திரம் போட்டீங்க?” என்று கேட்டார் தங்கை வீட்டுக்காரர். ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துவிட்டாளாம். முட்டை பொரித்துச் சாப்பிட்டாளாம். பள்ளிக்கூடம் போய்விட்டாளாம். “ஆனா உங்க பேரை எடுத்தா மட்டும் ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கிறா. ஏதாவது சண்டையா?”

அவரிடம் அவள் சொல்லவில்லை. எனக்காகவா, தனக்கே அவமானமாக இருந்ததா, தெரியவில்லை. நான் சொல்லிவிட்டேன். “வண்டி எடுக்கணும்க்கா” என்று வைத்துவிட்டார்.

மார்ச் 30, ஞாயிறு

போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

கடையில் கூட்டமான நேரம். திடீரென்று வாசலில் நிற்கிறாள். கண்ணைக் குத்தும் ரோஸ் நிறத்தில் ஒரு சட்டை.

“எதிர்க்கடைல எடுத்தேன்” என்றாள், எல்லார் காதிலும் விழும்படி. “எப்படி இருக்கு?”

கத்தரி கையில் பிடித்த துணியோடு அப்படியே நின்றாள். வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தொண்டைக்குள் என் பழைய வசனங்கள் வரிசையில் நின்றன: களையா இருக்கு, உனக்கென்னடி, எது போட்டாலும் எடுப்பு.

“உனக்கு ஒத்து வரல. கழுத்துகிட்ட கருப்பாக் காட்டுது.”

“தெரியும். அங்க கண்ணாடிலயே தெரிஞ்சுது. எனக்குப் பிடிச்சிருந்துச்சு, எடுத்தேன்.”

கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து ஓரமாக இருந்த நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “ஒரு டீகூடச் சொல்ல மாட்டியா?”

சொன்னேன். பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள், தலைமை டீச்சரைக் கிண்டல் செய்தாள். கத்தரியிடம்தான் பேசினாள், என்னிடம் அல்ல. ஆனால் நான் சிரித்த இடங்களில் நிறுத்தி, சிரித்து முடிக்கவிட்டு மேலே தொடர்ந்தாள். கடைசிவரைக்கும் எந்தத் துணியையும் அவள் தொடவில்லை. நானும் எதையும் எடுத்துக் காட்டவில்லை.