காலண்டரில் போடாத உங்கள் பேர்

என் அன்பான ஜெயா அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாலு வருஷமாகிவிட்டது. பரலோகத்தில் சுகமாக இருப்பீர்கள். நாங்களும் நன்றாகவே இருக்கிறோம். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வருஷக் கடைசியில் நம் கோயில் ஞாயிறு பள்ளியில் காலண்டர் போட்டார்கள். மாதத்துக்கு ஒரு பிள்ளை, அம்மா அப்பாவோடு போட்டோ. கீழே அப்பா பேரைப் போட்டு, இன்னார் குடும்பம் என்று. வசனப் போட்டியில் முதலாவதாக வந்தவள் ஜெயா மகள் கிருபா. அவள் பேர் மட்டும் பட்டியலில் இல்லை.

"ஒங்க அப்பாவும் அம்மாவும் கோர்ட்டுல பிரிஞ்சவங்கள்ல. ஒனக்குப் பாதிப் போட்டோதான் வரும்" என்றாளாம் கூடப் படிக்கிற ஷீபா. இனி போக மாட்டேன் என்று பிள்ளை வேதப்புத்தகத்தை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

விடுவேனா? நேரே டீச்சரிடம் போனேன். நல்ல பெண்தான். ரொம்ப யோசித்துவிட்டு, "தாத்தா பேரைப் போட்டுருவோம் பாட்டி. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்றார்.

உங்கள் பேரை அச்சில் பார்க்க எனக்கு ஆசை இருக்காதா? ஆனால், அடிபட்டு நின்ற மகளை மாப்பிள்ளை வீட்டிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்தவர் நீங்கள். அவளை மறைப்பதற்கு உங்கள் பேரையே எடுத்துக் கொடுக்கலாமா?

"அவுக பரலோகத்துல இருக்காக டீச்சரம்மா. இங்கன சோறு போடுறது எம் மக. அவ பேரைப் போடுங்க."

டீச்சர் பட்டியலை எடுத்தார். ஜெயா பேரை எழுதிக்கொண்டார்.

ஜூலை எங்களுக்கு. மூன்று பேரும் நிற்கிறோம், நான் கண்ணை மூடிவிட்டேன். கீழே 'ஜெயா குடும்பம்'. காலண்டர் ஆர்டர் ஜெயா வேலைபார்க்கிற அச்சுக் கம்பெனிக்கே வந்தது. மேலே தகரப் பட்டை அடித்தது அவள் கை. கிருபா இப்போது ஒரு ஞாயிறும் தவறுவதில்லை. காலண்டரை உங்கள் படத்துக்குக் கீழேதான் மாட்டியிருக்கிறோம். கோபமா?

இன்று ஜூலை கடைசி. இந்தத் தாளைத் திருப்பவே மாட்டேன் என்றேன். கிருபா சிரித்தாள்.

"ஆகஸ்ட்ல ஷீபா இருக்கா அம்மாச்சி. திருப்பலைன்னா அவ வீட்டு ஆளுக எல்லாரும் நம்ம முதுகுக்குப் பின்னாடியேல்ல நிக்கணும்."

நாளைக் காலையில் நானே திருப்பிவிடுவேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் பேரை இன்னும் வாயால் சொல்லாத,
ஜெயா அம்மா