ஜீப்பில் ஏறியவள்

அன்புள்ள ஆத்தாவுக்கு, டென்மார்க்கிலிருந்து ஜோதி எழுதுவது. உன் கால் வலி இப்போது தேவலையா? இங்கே குளிர் கடுமை என்றாலும் நான் சுகம்தான்.

போன வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வேடிக்கை. ஒருவர் எவ்வளவு தூரம் படிப்பார் என்று மரபணுவை வைத்து மதிப்பெண் போடுகிற ஆராய்ச்சி எங்களுடையது. விளையாட்டாக என் எச்சிலையும் சோதித்தார்கள். அடிமட்ட மதிப்பெண் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வெள்ளைக்காரர்களை வைத்துப் போட்ட கணக்கு, நமக்குச் சரியாகப் பொருந்தாது.

ஆனால் செல்வியும் நானும் ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள். அவளைச் சோதித்தாலும் இதே மதிப்பெண்தான் வரும். "செல்விக்குப் படிப்பு ஏறல, அது பொறப்புலயே அப்படி" என்று ராசிங்காபுரம் முழுக்கச் சொல்வாயே, இனிமேல் சொல்லாதே.

நீ கால் ஒடிந்து கிடந்த அன்று, மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகிற ஜீப்பில் உன் இடம் போய்விடும் என்று பயந்தாய். "ரெண்டு பேர்ல ஒருத்தி வெரசா கெளம்புங்கடி" என்றாய். எனக்குக் காய்ச்சல் என்றேன், செல்வி ஏறினாள். ஒன்பதாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. பதினாறு வருஷமாக அதே ஜீப்புதான்.

இந்தக் குளிரில் எனக்குக் காது விறைக்கிறது. அவள் மலைக்குக் கட்டிப்போகிற தலைத்துண்டு ஒன்றைத் துவைக்காமல், அவள் வாசனையோடு அனுப்பு.

செல்வி, நீதானே இதை ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டுகிறாய்? இனி வருவதை மட்டும் உனக்குள் வாசி. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை.

அவசரமாக,
ஜோதி