ஆரஞ்சு மாத்திரை டப்பா

ஏங்க,

மருந்துக்கடையில் எனக்குக் காலை ஷிப்ட். எழுப்ப மனம் வரவில்லை. பிளாஸ்கில் சூப் இருக்கிறது. குடித்துவிட்டுக் காய்ச்சல் மாத்திரை போடுங்கள்.

ஆரஞ்சு விட்டமின் டப்பாவை ஒளித்துவிட்டேன். மிட்டாய் மாதிரி ஆறு மென்றால் எப்படி? விட்டமின் வாசல் காவலாளி போல. இல்லாவிட்டால் ஆபத்துதான். ஆனால் ஆறு பேரை நிறுத்தினாலும், உள்ளே வந்துவிட்ட ஃப்ளூவைப் பிடித்து வெளியே தள்ள முடியாது. வயிறுதான் கலங்கும்.

“ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கறே, எனக்கு மட்டும் எண்ணிக் குடுக்கறியே”ன்னீங்க. சுருக்கென்றது. அதற்காக “தின்னுட்டுக் கெடங்க” என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.

மாடிவீட்டுத் தையல்காரம்மாவுக்கும் காய்ச்சல். பாதி சூப் அவருக்குக் கொடுத்திருக்கிறேன், குறைகிறதே என்று பார்க்காதீர்கள்.

பி.கு.: டப்பாவில் எட்டு குறைகிறது. உங்களைத் திட்டிவிட்டுப் போய், உங்கள் ஆறு போக மீதி இரண்டை நான்தான் மென்றேன். எனக்கும் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம். கடவுளிடம் சொல்லிவிட்டேன், உங்களிடமும் சொல்லிவிட்டேன்.