எல்லாப் பதிவும் போன சனிக்கிழமை

ரிஷி,

மீன் குழம்பு அடுப்பு மேலயே இருக்கு. சூடு பண்ணினா அடுப்பை அணைக்கணும், ஞாபகம் இருக்கட்டும்.

மத்தியானம் கிள்ளான்ல இருந்து தனேஷ் அண்ணன் வருவார். மேசையில இருக்கற ஹார்ட் டிஸ்க்கை அவர் கையில கொடுங்க. அவர்கிட்ட பதிவுகளோட பழைய காப்பி இருக்கு, தேதியெல்லாம் அவர் சரி பண்ணுவார். நீங்க தொட வேணாம், தொட்ட வரைக்கும் போதும்.

என் விண்டோஸ்லயும் உங்க லினக்ஸ்லயும் ஓடணும்னு அதை ஃபார்மட் பண்ணினீங்க, சரி. அதுக்கு முன்னால பாப்பா குரல் பதிவையெல்லாம் உங்க லேப்டாப்புக்கு எடுத்து, அப்புறம் திருப்பிப் போட்டீங்க. பழைய தேதியோட காப்பி ஆகணும்னா கட்டளையில கூடுதலா ஒரு எழுத்து தட்டணும். ஆபீஸ்ல ஊருக்கே பாடம் எடுக்கற ஆளுக்கு அது தெரியல. ஃபைல் பேரெல்லாம் வெறும் நம்பர். இப்ப அவ பிறந்தப்ப அழுததும் பாலர் பள்ளியில பாடினதும் ஒரே நாள், நீங்க காப்பி பண்ணின போன சனிக்கிழமை.

அவ முதல்ல 'அப்பா'ன்னது உங்க மடியிலன்னு அத்தைகிட்ட அளந்தீங்க. தேதியைப் பார்ப்போம்னு நான் சொன்ன மறுநாள் தேதியே காணோம். வேணும்னே அழிச்சீங்களான்னு கேட்க மாட்டேன். வேணும்னே செய்யற அளவுக்கு உங்களுக்கு விவரம் பத்தாது லா.

தாமரை

பி.கு: அந்த முதல் 'அப்பா' பதிவை முழுசா ஒரு தடவை கேளுங்க. அவ 'அப்பா'ன்னதும் என் குரல் வரும்: "அப்பா பினாங்குல இருக்காரும்மா." அதுக்குத் தேதி தேவையில்ல.