சுடுதண்ணி வைக்கத் தெரியாத பேராசிரியை

ஜனவரி 20, செவ்வாய்

காலையில் பனி. கடையிலிருந்து பார்த்தால் கோயில் மலைப்படி பாதியோடு நின்றுவிட்டது. மலையேற வந்த நகரி, புத்தூர் ஆட்கள் கூட்டம். இட்லி ஒன்பதரைக்கே காலி.

மதியம் பெரிய செய்தி. நான் அழுகிற படம் யூடியூபில்.

என் வீட்டுக்காரி எஸ்தரின் கரும்பு ஆராய்ச்சிக்குப் பரிசு கிடைத்தது என்று போன வெள்ளி ஒரு சேனல் வந்தது. காலேஜ் பேராசிரியையின் புருஷன் அஞ்சாவதோடு நின்ற டிபன் கடைக்காரன் என்றதும் அவர்களுக்கு ஒரே சந்தோஷம். அவளோடு ஒரு மணி நேரம், என்னோடு ஐந்து நிமிடம். நான் பக்கோடாவுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். பத்து கிலோ. மேடம் வீட்டில் சமைப்பார்களா என்று சேனல் பையன் கேட்டான். என் வாய் சும்மா இருக்குமா. சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாதுப்பா, குளிக்கிற தண்ணியிலும் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்துத்தான் இறக்குவாள் என்றேன். இருபத்திரண்டு வருடமாக வீட்டில் ஓடுகிற கிண்டல். அவளே சிரிப்பாள்.

தெர்மாமீட்டரை வெட்டிவிட்டார்கள். சுடுதண்ணியை வைத்துக்கொண்டார்கள். தலைப்பு: சுடுதண்ணி வைக்கத் தெரியாத பேராசிரியை, கணவர் கண்ணீர்! வெங்காயக் கண்ணீருக்குப் பின்னால் வயலின் வேறு.

அவளிடம் கேட்டதில் வெட்டாமல் விட்டவை:
புடவை எங்கே எடுத்தது.
இந்த வயதிலும் இளமை, ரகசியம் என்ன.
மகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள். (மகளுக்கு இருபது. சென்னை ஹாஸ்டல். எங்களைத்தான் அவள் பார்த்துக்கொள்கிறாள்.)

எஸ்தர் இரண்டு தடவை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள். "ஒரு மணி நேரம் கரும்பப் பத்திப் பேசினேன் பாவா. ஒரு வார்த்த இல்ல."

அவ்வளவுதான். சாப்பிட்டாள், பேப்பர் திருத்த உட்கார்ந்தாள். நான் கிண்டல் பண்ணாமல் தூங்கப் போன முதல் நாள் இது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 21, புதன்

பனி குறைவு. எண்ணெய் டின் வாங்க வேண்டும். கிரைண்டர் பெல்ட் தேய்ந்துவிட்டது.

கமெண்ட் எல்லாம் படித்தேன். பாவம் அந்த மனுஷன். படித்த பெண்ணைக் கட்டினால் இதுதான். அண்ணா தைரியமா இருங்க. எதற்கு என்று தெரியவில்லை, இருக்கிறேன். இன்னொரு சேனலில் கோட்டு போட்ட ஒருவர், பெண்கள் பேராசிரியர் ஆனால் குடும்பம் எப்படிச் சிதறும் என்று இருபது நிமிடம். அவருடைய கோட்டுக்கு யார் இஸ்திரி போடுகிறார்களோ.

சர்ச்சிலிருந்து ரூத் அக்கா எனக்குக் குழம்பு கொண்டுவந்தார். டிபன் கடைக்காரனுக்கு! உப்பு அதிகம். நல்லாயிருக்கு என்றேன்.

ஒன்று ஞாபகம் வந்தது. போன மாதம் இதே சேனல் எஸ்தரின் காலேஜில் ஒரு சாரைப் பேட்டி எடுத்தது. அரை மணி நேரமும் ஆராய்ச்சிதான். அவர் வீட்டில் ரசம் யார் வைப்பது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் அன்றைக்கு அதைக் கவனிக்கவில்லை.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி சேனலுக்கு போன் போட்டேன். நன்றாக ஓடுகிறதாம், எடுக்க மாட்டார்களாம். இரண்டாம் பாகம் கொடுக்கிறீர்களா அண்ணா என்றான்.

ஜனவரி 22, வியாழன்

திருவாலங்காட்டுக் கரும்புக்காரர் முனிரத்தினம் இன்னொருத்தரோடு பூரி சாப்பிட வந்தார். நான் உள்ளே அடுப்படியில் இருந்தது அவர்களுக்குத் தெரியாது.

"ஊட்ல சுடுதண்ணி வெக்கத் தெரியாதவங்க, நம்ம கரணைக்கு வெக்கச் சொல்றாங்களாம்." இரண்டு பேரும் சிரித்தார்கள். என் பூரி கருகியது.

கரும்பு கரும்பாக வளராமல் புல்லுக்கட்டு மாதிரி கிளம்புகிற ஒரு நோய். நடுகிற கரும்புத் துண்டை, அதான் கரணையை, ஐம்பது டிகிரி வெந்நீரில் ஊற வைத்தால் வராது. சூடு கூடினால் கரணையில் முளை விடுகிற பரு செத்துவிடும், குறைந்தால் நோய் சாகாது. ஒன்பது வருடமாக எஸ்தர் செய்வதே சுடுதண்ணி வைப்பதுதான்! அந்த மனுஷியைப் போய்.

சனிக்கிழமை திருவாலங்காட்டில் கரும்புக்காரர்களோடு எஸ்தருக்குக் கூட்டம். ஐந்து பேராவது ஆளுக்கு அரை ஏக்கர் விட்டால்தான் வயலில் நட்டுப் பார்க்க முடியும். சிரித்துக்கொண்டே எழுந்து போனால் ஒன்பது வருடமும் நோட்டுப் புத்தகத்தோடு சரி.

சாயங்காலம் அவளிடம் சொன்னேன். மன்னிப்பு கேட்டேன், பழக்கமில்லாததால் சரியாக வரவில்லை.

"நீ கிண்டல் பண்ணது வலிக்கல பாவா. சனிக்கிழம சாப்பாடு நீதான. பெரிய அண்டாவ எடுத்துகினு வா."

ஜனவரி 24, சனி

திருவாலங்காடு. நல்ல வெயில், காற்று. முப்பது பேர் இருப்பார்கள். சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு.

முனிரத்தினம் ஆரம்பித்தார். "இன்னிக்கு தண்ணி யாரும்மா வெக்கறது?" ஒரே சிரிப்பு. எஸ்தரும் சிரித்தாள். என்னை முன்னால் கூப்பிட்டாள்.

"இவருதாங்க அழுதவரு. இருவது வருஷமா அடுப்பாண்ட நிக்கிறாரு. அம்பது டிகிரிக்கு இவரு வெக்கட்டும், நான் அளக்கறேன்."

எனக்கென்ன பயம். பால் பொங்குவதை முதுகால் பார்க்கிறவன். அண்டாவில் விரலை விட்டேன், சரி என்றேன். தெர்மாமீட்டரில் அறுபத்தொன்று. பரு செத்தது என்றாள். பச்சைத்தண்ணி ஊற்றி மறுபடி விரல். நாற்பத்து நான்கு. நோய் பிழைத்தது. முனிரத்தினம் என்னைத் தள்ளிவிட்டு வந்து, தன் விரலை விட்டு, இதுதான் ஐம்பது என்றார். நாற்பத்தேழு. பிறகு வரிசையே நின்றது. முப்பது விரல், ஒன்றுகூட ஐம்பது இல்லை.

கடைசியில் அவள் விறகை இழுத்தாள், தள்ளினாள். ஐம்பது. ஊறி முடிகிறவரை அசையவிடவில்லை. சுற்றி நின்றவர்கள் புடவை எங்கே எடுத்தது என்று கேட்கவில்லை. ஒரு அண்டாவுக்கு எத்தனை கரணை, தெர்மாமீட்டர் எந்தக் கடையில் என்று கேட்டார்கள்.

ஐந்து பேர் வேண்டியிருந்தது. ஏழு பேர் கொடுத்தார்கள். முனிரத்தினம் முதல் ஆள். சாம்பார் சாதம் ஆறிப்போனது, ஒருத்தரும் கவலைப்படவில்லை.

கிளம்பும்போது என்னிடம் வந்தார். "ஆமா, நீ எதுக்குய்யா அழுத?" வெங்காயம் என்றேன். "ஆங், அதான பாத்தேன்."

ஜனவரி 25, ஞாயிறு

ஆராதனை முடிந்து ரூத் அக்கா மறுபடி குழம்பு. தப்பித்து வந்துவிட்டேன்.

மாஸ்டர் லீவு. எஸ்தர் கடைக்கு வந்து வெங்காயம் அரிந்தாள். நான்கு கிலோவுக்கு ஒன்றரை மணி நேரம், எல்லாத் துண்டும் ஒரே அளவு. கண்ணிலிருந்து தாரை தாரையாக. போனில் படம் எடுத்தேன். மகளுக்கு அனுப்பினேன்: கணவர் கொடுமை, பேராசிரியை கண்ணீர்.

எஸ்தரிடமும் காட்டினேன். கத்தியைக் கீழே வைக்காமல் எட்டிப் பார்த்தாள்.

"வயலின் எங்க பாவா?"